நீங்கள் இடம் மாற்றிய கல்

நகக்கண்ணில் ஈர மண்ணோடு வீடு திரும்பும் என் அப்பாவுக்கு,

நாளை மறுநாள் துரைசாணி தோட்டத்தைத் திறக்கிறார்கள். இது இரண்டாவது திறப்பு. முதல் திறப்பின்போது தோட்டக்காரரான நீங்கள் காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டு உடுத்திக்கொண்டு கேட்டருகே நின்றீர்கள். கூட்டம் கலைந்த பிறகு, மிதிபட்ட கனகாம்பரச் செடிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி மண் அணைத்துக்கொண்டிருந்தீர்கள்.

விழா மலருக்குத் தோட்டத்தின் வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பஞ்சாயத்து ஆபீஸில் பி.ஏ. வரலாறு படித்தவள் நான் ஒருத்திதான். நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மலையைக் குடைந்து பெரியாற்றுத் தண்ணீரை நம் பக்கம் திருப்பிய பிறகு வாய்க்கால் வேலைக்கு வந்த ஒரு துரை, அவருடைய மனைவி போட்ட தோட்டம், கைக்குழந்தையாக இறந்த அவர்கள் பிள்ளை, அவர்கள் கப்பலேறிப் போன பிறகு சர்க்கார் பங்களாவோடு பூட்டிக் கிடந்த காலம், பிறகு ஊர்ப் பூங்காவான கதை எல்லாம் அதில் இருக்கிறது. நாகலிங்க மரத்தின் வயதுகூட உத்தேசமாக இருக்கிறது. நீங்கள் இல்லை. தம்பியும் இல்லை.

அந்த மிச்சத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு முகவரி இல்லாததால் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். யாராவது ஒருவர் வாய்விட்டு வாசித்தால் உங்கள் காதில் விழாதா? தோட்ட வேலையைப் பார்க்கிற ஓவர்சியர் சாரும் இதைப் படிப்பார். படிக்கட்டும். நான் அவரிடம் சொன்னது பொய் இல்லை. பாதி உண்மை.

தம்பி பிறந்தபோது நான் இரண்டாம் வகுப்பு. இரண்டு பகலும் ஓர் இரவும் இருந்தான். அவன் அழுததாக எனக்கு ஞாபகமே இல்லை. உங்கள் துண்டில் சுற்றி நீங்கள் தூக்கிக்கொண்டு போனீர்கள். அம்மாவைச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னார்கள். பச்சைப் பிள்ளையை எரிப்பதில்லை, ஆற்றங்கரையில் புதைப்பார்கள், பெற்றவளுக்கு இடத்தைக் காட்ட மாட்டார்கள் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "பெத்தவ அந்த மண்ண மிதிச்சா அடுத்தது தங்காது" என்று பெரிய அத்தை வாசலில் நின்று சொன்னது மட்டும் அன்றைக்கே காதில் விழுந்தது.

நாலாம் நாளும் அம்மா சாப்பிடவில்லை. நீங்கள் வேலைக்குப் போகாமல் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தீர்கள். நான் அடுப்படியில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். நான் இருப்பதை நீங்கள் கவனிக்கவில்லை. என்னை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. அதனால் நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

"ஆத்துல தண்ணி கரை பொரளுது புள்ள. அங்கன வைக்க மனசு வரல" என்றீர்கள். "தோட்டத்துல, அந்தத் துரை புள்ள கல்லு இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல வச்சிருக்கேன். அங்கன எவனும் மம்பட்டி போட மாட்டான்."

அம்மா சுவர்ப் பக்கமிருந்து திரும்பினாள். பிறகு, "துரை புள்ள நம்ம புள்ளைய ஏசுமா?" என்று கேட்டாள்.

"ரெண்டுமே பேரு வைக்காத புள்ளைக. என்னத்த ஏசப் போகுது?"

அன்றைக்கு அவள் ஒரு கைப்பிடி சோறு சாப்பிட்டாள். சர்க்கார் இடத்தில் பிள்ளையைப் புதைத்தது தெரிந்தால் உங்கள் வேலை போய்விடும். வழக்கத்தை மீறிப் பெற்றவளிடம் இடத்தையும் சொல்லிவிட்டீர்கள். இரண்டு தப்பையும் அவள் சாப்பிட வேண்டும் என்பதற்காகச் செய்தீர்கள் என்று நினைக்கிறேன். சரிதானே?

அந்தக் கல்லை நான் நன்றாக அறிவேன். விடுமுறை நாட்களில் உங்களுக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுவருகிறவள் நான்தானே. கல் என் இடுப்பு உயரம். இங்கிலீஷில் இரண்டே சொல். ஆறாம் வகுப்பு வந்த பிறகுதான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதல் சொல் புரியவில்லை. இரண்டாவது, மகன்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அந்தக் கல்லைத் தூக்கினீர்கள்.

தோட்டத்தை ஊருக்குத் திறந்துவிடப் போகிறார்கள், பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று ஒரே பரபரப்பாக இருந்தது. பழைய தோட்டம் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டுமாம். அதற்காகத் துரை காலத்துக் கல்லை உள்ளேயிருந்து எடுத்து, கேட்டருகே சிமெண்டுத் திண்டு கட்டி அதன் மேல் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். நான் சோற்றோடு வந்தபோது நீங்களும் உங்களோடு வேலை பார்த்த வீரணன் மாமாவும் கடப்பாரை போட்டு நெம்பிக்கொண்டிருந்தீர்கள். கல்லைக் கைவண்டியில் ஏற்றிச் சாக்கைப் போட்டு மூடினீர்கள். பள்ளத்தை மூட மாமா மண்வெட்டியை எடுத்தார். அதை அவர் கையிலிருந்து பிடுங்கினீர்கள்.

"ஏலே, நீ போயி வண்டியப் புடி. இத நான் பாத்துக்கிறேன்."

"என்னண்ணே, ஒரு குழிய மூட அம்புட்டுக் கோவம்?" என்று சிரித்துக்கொண்டே அவர் போனார். நீங்கள் கையாலேயே மண்ணைத் தள்ளினீர்கள். அன்றைக்குச் சோறு வேண்டாம் என்றீர்கள். புளிக்குழம்பும் கருவாடும். நான்தான் உட்கார்ந்து முழுவதையும் தின்றேன்.

அதற்கு அடுத்த வருஷம் அம்மா தோட்டத்துக்கு வந்தாள். அதுவரை அவள் அந்தப் பக்கமே வந்ததில்லை. நாலு வருஷமாக அடுத்த பிள்ளை வரவில்லை. "இனி என்ன பயம்?" என்று ஒரு வெள்ளிக்கிழமை, திராட்சைத் தோட்டத்துக் கூலி வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக, என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். கேட்டைத் தாண்டியதும் நின்றாள். வலது கைப்பக்கம் சிமெண்டுத் திண்டு. அதன் மேல் கல்.

"இதுதானா துரை புள்ள கல்லு?"

"ஆமாம்மா."

"என்ன எழுதியிருக்கு, படி."

"மகன்னு போட்டிருக்கு."

"நம்மளுதும் மகந்தான்" என்று சொல்லிவிட்டுத் திண்டோரம் தரையில் உட்கார்ந்தாள். முந்தியால் மூடிக்கொண்டு வந்த பித்தளைத் தூக்கைத் திறந்து, பாலை மண்ணில் ஊற்றினாள். கூடலூருக்குப் போகும் ஜீப்புகள் கேட்டுக்கு வெளியே ஹார்ன் அடித்துக்கொண்டு போயின. அம்மாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

நீங்கள் இருபதடி தூரத்தில் பூவாளியோடு நின்றீர்கள். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் அம்மாவைப் பார்த்தீர்கள். பூவாளியில் இருந்த தண்ணீர் முழுக்க ஒரே செடியில் இறங்கி, பாத்தி நிறைந்து, பாதையில் வழிந்தது. நீங்கள் வாயைத் திறக்கவில்லை.

ஏன் அப்பா?

அம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்பது அப்போது எனக்கும் புரியவில்லை. ஒன்பதாம் வகுப்பில்தான் புரிந்தது. மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை அம்மா போவாள். முதலில் பால். பிறகு அரிசி முறுக்கு. ஒரு வருஷம் சிலேட்டுக் குச்சி வாங்கினாள். "யாருக்கும்மா?" என்றேன். "தம்பி இப்ப ஒண்ணாப்புல்ல?" என்றாள், பக்கத்துத் தெருப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல. அவள் மனசுக்குள் அவன் வளர்ந்துகொண்டிருந்தான். கோலிக்குண்டு. பம்பரம். டவுசருக்கு ஒரு பெல்ட்டு. எல்லாவற்றையும் திண்டோரம் வைத்துவிட்டு வருவாள். அடுத்த மாதம் போகும்போது அவை இருக்காது. "எடுத்துக்கிட்டான்" என்பாள்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கைவண்டி ஞாபகத்துக்கு வந்தது. கல்தான் வண்டியில் வந்தது. பிள்ளை வரவில்லை. என் அம்மா மூன்று வருஷமாக ஒன்றுமில்லாத இடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறாள். அது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

ஒரு தடவை உங்களிடம் கேட்டேன். நீங்கள் இட்லிப்பூ வேலியைக் கத்தரித்துக்கொண்டிருந்தீர்கள்.

"அப்பா, கேட்டுல இருக்குற கல்லு முன்னாடி வேற எடத்துல இருந்துச்சுல்ல?"

"எந்தக் கல்லு?"

"துரை பிள்ளை கல்லு."

கத்தரி இரண்டு மூன்று தடவை காற்றை வெட்டியது. "இருட்டப் போகுது. வீட்டுக்குப் போ ஆத்தா" என்றீர்கள். அப்போது பிற்பகல் மூன்று மணி. வெயிலில் கண் கூசியது. நான் வீட்டுக்குப் போனேன். அதன் பிறகு நீங்கள் இருந்தவரை நான் கேட்கவில்லை. உங்கள் மௌனத்தில் பாதி என்னுடையது. அதனால்தான் உங்களை முழுசாகக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது விடுதிக்குத் தந்தி வந்தது. நான் பஸ் மாறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உங்களுக்குப் பிறகு தோட்டத்துக்கு நிரந்தர ஆள் போடவில்லை. உண்ணிச்செடி புதராக மண்டியது. ரோஜாப் பாத்திகளில் மாடு படுத்தது. ஆடி மாதச் சாரல் காற்றில் இரண்டு தூங்குமூஞ்சி மரங்கள் சாய்ந்தன. அவற்றை எடுக்கக்கூட ஆள் வரவில்லை. உள்ளே போகவே ஊர்ச் சனங்கள் பயந்தார்கள். கேட்டருகே திண்டு மட்டும் சுத்தமாக இருந்தது. அம்மா கூட்டிவிடுவாள்.

போன வருஷம் தோட்டத்தைச் சீரமைக்க உத்தரவு வந்தது. ஆபீஸில் திட்ட அறிக்கையை டைப் அடித்தவளும் நான்தான். பழைய பாதைகளைத் திறப்பது, தொட்டியைப் பழுது பார்ப்பது, நடு வட்டத்தில் வண்ண விளக்கு போட்ட நீரூற்று. நடு வட்டம் என்று அடிக்கும்போது என் விரல் நின்றுவிட்டது. கல் இருந்தது அங்கேதான், நாகலிங்க மரத்துக்கும் தொட்டிக்கும் நடுவில் எங்கோ. எங்கே என்று மட்டும் எனக்குத் திட்டமாகத் தெரியவில்லை. பத்து வயதில் பார்த்தது. நீரூற்றுக்கு ஆள் ஆழம் தோண்டுவார்கள்.

நான் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியும். ஆபீஸில் ஃபைலை மேஜையில் வைத்துவிட்டு, கூப்பிடுவதற்குள் திரும்பிவிடுவேன். "வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று பியூன் அக்கா தினமும் கேட்பாள். யாரிடம் போய் நான் என்ன சொல்வது? சர்க்கார் நிலத்தில் என் அப்பா திருட்டுத்தனமாக என் தம்பியைப் புதைத்தார் என்றா?

வரலாறு எழுதுவதற்குப் பார்க்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி, மாலை ஐந்து மணிக்கு ஆபீஸ் முடிந்ததும் தோட்டத்துக்குப் போனேன். புதரை வெட்ட வெட்ட நீங்கள் வெளியே வந்தீர்கள். உங்கள் பூவாளியின் மூக்கு ஒன்று துருப்பிடித்துக் கிடைத்தது. பாத்தி ஓரங்களில் நீங்கள் சாய்த்துப் பதித்த செங்கல்கள் ஒன்றுகூட விலகாமல் இருந்தன. இத்தனை வருஷம் ஆள் புழங்காத இடத்தில், இப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல இருந்தது. முதுகுக்குப் பின்னால் கத்தரிச் சத்தம் கேட்டு இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். கரிச்சான் குருவி.

வேலைக்கு வந்தவர்களுக்கும் ஒரு மாதிரியாக இருந்திருக்கிறது. "நடு வட்டத்துல ஒரு எடம் காயவே மாட்டேங்குது தாயி" என்றார் வீரணன் மாமா. அவரும் கூலிக்கு வந்திருந்தார். "சித்திர வெயிலு, சுத்தி எல்லாம் பாளமா வெடிச்சிருக்கு. அங்கன மட்டும் ஈரம். பயலுக அதுல மம்பட்டி போட யோசிக்கிறானுக."

மறுநாளே அந்த ஈரத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஓவர்சியர் சாமுவேல் சார் என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். போடிக்காரர், எப்போதும் வேடிக்கையாகப் பேசுவார்.

"ஏம்மா செல்வி, இங்கன வா. உங்கப்பாதான இந்த வாய்க்கா எல்லாம் போட்டாக? இதப் பாரு. தொட்டியில இருந்து ஒண்ணு ரோஜாவுக்குப் போகுது. ஒண்ணு குரோட்டனுக்குப் போகுது. இந்த மூணாவது எங்க போகுது, சொல்லு பாப்போம்."

பார்த்தேன். ஒரு சாண் அகலத்தில் செங்கல் பதித்த வாய்க்கால். வேலிக்குப் பின்னால் திரும்பி, பத்துப் பன்னிரண்டு எட்டு போய், வெறும் தரையில் முடிந்தது. அங்கே பாத்தி இல்லை, மரக்குழி இல்லை, ஒரு செடி இருந்த தடயம் இல்லை. முடிகிற இடத்தில் முறம் அளவுக்கு அரை வட்டமாகச் செங்கல். பிறந்த பிள்ளையைக் கிடத்துகிற முறம் அளவு. பழுதான தொட்டி மதகில் கசிகிற தண்ணீர் இன்னமும் அதில் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்தது.

"ஒண்ணுக்கும் போகல சார். சும்மா போகுது" என்றான் ஒரு வேலையாள்.

"மாயாண்டி அண்ணனுக்குத் தண்ணி மிச்சமாயிருச்சு போல" என்று இன்னொருவன் உங்களைக் கிண்டலாகச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

கால் கழுவ ஒரு சொம்புக்கு மேல் எடுத்தால் என்னைத் திட்டுகிறவர் நீங்கள். தண்ணீரை ஒன்றுமில்லாத இடத்துக்கு அனுப்ப உங்களுக்குக் கை வராது. உங்களால் அங்கே ஒரு கல்லை வைக்க முடியவில்லை. செடி வைத்தால் நாளை யாராவது பிடுங்குவார்கள். தினமும் போய் நின்றால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் வாய்க்கால் வெட்டினீர்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற ஒவ்வொரு நாளும் அவனுக்கும் ஒரு வாய் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. எத்தனை வருஷம்!

பக்கத்தில் நீரூற்றுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். வட்டத்தின் கோடு அந்த முறத்தின் மேலேயே போனது.

"சார், இங்கன தோண்டக் கூடாது."

"என்னம்மா? கேக்கல."

"இங்கன தோண்டக் கூடாது சார்."

"ஏலே, செல்விப் புள்ள பேசுதுடா!" என்றான் அந்த வேலையாள். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் சொன்னேன். "துரை பிள்ளைய அடக்கம் பண்ணது இங்கனதான். கேட்டுல இருக்குறது கல்லு மட்டும்தான் சார். எடுத்துட்டுப் போனப்ப நான் பாத்தேன்."

ஓவர்சியர் வீரணன் மாமாவைப் பார்த்தார். "ஆமா சார்" என்றார் மாமா. "நானும் மாயாண்டி அண்ணனும்தான் தூக்குனோம். கல்ல எடுக்கச் சொன்னாக, எடுத்தோம். அடியில இருக்குறத ஒண்ணும் சொல்லல."

சாமுவேல் சார் கண்ணை மூடித் திறந்தார். "கல்லற மேல கலர் லைட்டு போடவா இருந்தேன்? ஆண்டவரே!" பிறகு கோட்டைக் காலால் அழித்தார். நீரூற்றைத் தொட்டிக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடலாம் என்றார். "அப்ப கல்லையும் கொண்டாந்து இருந்த எடத்துலயே வச்சிரணும். அதுதானம்மா மொறை? நீ அத வரலாத்துல எழுதிரு. வேற ஏதாச்சும் இருக்கா?"

"இல்ல சார்" என்றேன்.

இருந்தது. சொல்லவில்லை. வெள்ளைக்காரப் பிள்ளையின் நிழலில் என் தம்பியை மறைத்துக்கொண்டேன், நீங்கள் செய்ததுபோலவே. அவன் தப்பித்தான். ஆனால் கல் உள்ளே போகப் போகிறது. வெள்ளிக்கிழமை அம்மா கேட்டுக்கு வரும்போது திண்டு மொட்டையாக இருக்கும்.

புதன்கிழமை ஆபீஸுக்கு லீவு போட்டேன். அம்மா முற்றத்தில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து நாலு புளி எடுத்தேன். அப்புறம் சொல்லிவிட்டேன். கடப்பாரை, கைவண்டி, சாக்கு, நீங்கள் சாப்பிடாதது, நான் சாப்பிட்டது, வாய்க்கால் எல்லாம்.

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. புளிப் பிசுக்கு ஒட்டிய கையை விரித்துவைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"அப்ப நான் இத்தன வருசமா யாருகூடடி பேசிக்கிட்டு இருந்தேன்?"

என் கையிலிருந்த புளியைக் கீழே வைத்தேன்.

"காய்ச்சல் கண்டப்ப அவன்கிட்டதான் சொன்னேன். ஒன்னைய காலேசுல சேக்கவான்னு அவன்கிட்டதான் கேட்டேன். உங்கப்பா போனப்ப மொதல்ல அவன்கிட்டதான் போயி சொன்னேன். வெறுஞ் சிமிட்டித் திண்டுகிட்டயா சொன்னேன்?"

"அம்மா..."

"ஒனக்கும் தெரியும். அவுகளுக்கும் தெரியும். நான் ஒருத்திதான் பைத்தியக்காரி."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உங்கள் போட்டோவில் மாலை காய்ந்து கிடந்தது. மாற்றவில்லை. நான் செய்தது சரியா என்று எனக்கு இன்னமும் தெரியாது. அவள் மடியிலிருந்து ஒரு பிள்ளையை நானே இறக்கிவைத்ததுபோல இருந்தது. அந்த இரண்டு நாளில்தான் நீங்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கொஞ்சம் புரிந்தது. பூவாளியோடு நின்றபோது உங்களுக்கும் இதுதான் தெரிந்திருக்கும், இல்லையா?

சனிக்கிழமை காலையில், "கூட்டிட்டுப் போ" என்றாள்.

கல்லை வியாழக்கிழமையே உள்ளே கொண்டுபோய் நட்டுவிட்டார்கள். அம்மா அதைப் பார்க்கவில்லை. வாய்க்காலைப் பார்த்தாள். அது போகிற வழியிலேயே நடந்துபோய், முடிகிற இடத்தில் குந்தி, உள்ளங்கையை மண்ணில் வைத்தாள்.

"தண்ணி விட்டாகளா?"

"ஆமாம்மா. தோட்டத்துக்குப் பாய்ச்சுறப்பெல்லாம் இங்கனயும் வந்திருக்கும்."

"எம்புட்டுச் சின்ன எடம்" என்றாள். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு எழுந்து, கொசுவத்தைத் தட்டிவிட்டு, விறுவிறுவென்று கேட்டைப் பார்த்து நடந்தாள். எனக்குப் பின்னால் ஓட வேண்டியிருந்தது. மொட்டைத் திண்டோரம் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து முந்தி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு சீப்பும் பேனாவும். தம்பிக்கு இப்போது பதினேழு வயசு.

"அம்மா, அவன் அங்கனதான இருக்கான்?"

"அது சின்னதுல தூங்குன எடம்" என்றாள். "பச்சப் புள்ள, தூக்கிட்டுப் போயி கெடத்துன எடத்துல கெடந்தான். நடக்கத் தெரிஞ்சதுக்கு அப்புறம், ஆத்தா கூப்பிடுற எடத்துக்கு வந்திருக்க மாட்டானா? எத்தன வெள்ளிக்கெழம கூப்பிட்டிருக்கேன்!"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே குமுளி ஜீப் ஒன்றில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மா சீப்பைத் திண்டின் மேல் வைத்துவிட்டு, வாய்க்குள்ளேயே ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அப்பா, சத்தியமாகச் சொல்கிறேன், அவள் பேசுவதை நிறுத்தி, கேட்டு, தலையை ஆட்டினாள். நான் தள்ளிப் போய் நின்றுகொண்டேன். அவர்கள் பேச்சில் எனக்கு இடமில்லை என்று தோன்றியது.

திங்கட்கிழமை ஓவர்சியர் சார் அந்தத் திண்டை உடைக்க ஆள் அனுப்பினார். கல் இல்லாத திண்டு எதற்கு என்றார். "வேண்டாம் சார்" என்றேன். இந்தத் தடவை அவருக்கு முதல் தரமே கேட்டது. "ஏம்மா?" என்றார். "ஆளுக உக்காருவாக சார்." அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். "சரி, பெஞ்சுன்னு எழுதிக்கிறேன்" என்றார்.

இன்று காலை இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாருக்கு எழுதுற?" என்றாள். சொன்னேன். சிரிக்கவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"நான் சொல்றத எழுது. அவுக போயி அஞ்சு வருசமாச்சு. ஒரு நாளு என் கனவுல வந்தாகளா? எதுத்த வீட்டுக்காரி புருசன் நெதம் கனவுல வந்து காப்பி கேக்கானாம். இவுக வரல. என்ன கொற வச்சோம்னு நான் மருகிக்கிட்டுக் கெடந்தேன். இப்பத்தான் தெரியுது. என் மொகத்துல முழிக்கப் பயம்."

நான் எழுதினேன்.

"வரச் சொல்லு. அந்தப் புள்ளைக்குத் தண்ணி விட்டத நான் பாத்துட்டேன்னு சொல்லு. ஏன் சொல்லலன்னு மட்டும் வந்து சொல்லச் சொல்லு. திட்ட மாட்டேன்னு எழுது."

எழுந்து போய்விட்டாள். குழம்பு கொதிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அங்கிருந்தே குரல் வந்தது.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேம்மா."

"கொஞ்சந்தான் திட்டுவேன்னு சேத்து எழுது."

சேர்த்துவிட்டேன் அப்பா. வாருங்கள். வெள்ளிக்கிழமைகளில் அம்மாவை நான் கேட்டுக்குக் கூட்டிப்போகிறேன். அவளால் நடக்க முடியாத காலம் வந்தால், அவள் சொல்லச் சொன்னதைத் தம்பியிடம் நான் போய்ச் சொல்வேன். ஒரு சொல்லையும் விழுங்காமல், அவன் காதில் விழுகிற மாதிரி சத்தமாகச் சொல்வேன்.

உங்கள் தலைப்பிள்ளை,
பேர் வைக்காத தம்பிக்கு அக்கா,
செல்வி